லோடு வண்டிக்குள் ஒரு படுக்கை

கார்த்திகை, மார்கழியில் கன்னியாகுமரிக்கு வரும் சபரிமலை வேன்களைப் பார்த்திருப்பீர்கள். வண்டியை ஓரங்கட்டியதும் கேஸ் அடுப்பு இறங்கும், அரிசி வேகும், ஜன்னல் கம்பியில் ஈர வேட்டி காயும். அங்கிருந்து கடலோரமாகவே மேற்கே வந்தால் இராஜாக்கமங்கலம். துறையில் மீன்பெட்டியும் ஐஸும் ஏற்றப் போகும் டெம்போக்களுக்கும் அந்த வேன்களுக்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டும் சேர்ந்ததுதான் இன்று யூடியூபில் பலரும் ஆசையோடு பார்க்கும் கேம்பர் வேன்: பழைய சரக்கு வண்டியை வாங்கி, கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் நாமே பொருத்தி, வீடாக்கிக்கொள்வது. இதன் பூர்வீகக் கதை நாம் நினைப்பதைவிட நம் பக்கமாகவே சுற்றி வருகிறது.

நாஞ்சில் நாட்டில் பேருந்து வருவதற்கு முன் தேரோட்டம் பார்க்கப் போன குடும்பங்கள் கூண்டு வண்டியில்தான் தூங்கின. பலகைமேல் வைக்கோல், அதன்மேல் ஜமக்காளம். இரவு மெத்தையாக இருந்த வைக்கோல் காலையில் மாட்டுக்குத் தீவனம். இடத்தையும் எடையையும் இவ்வளவு சாமர்த்தியமாகப் பயன்படுத்திய கேம்பரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஐரோப்பாவின் வண்டி வீட்டுக் கதையிலும் நம் நாட்டுத் தொடர்பு உண்டு. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து புறப்பட்ட ரோமா மக்கள் ஐரோப்பா எங்கும் பரவினார்கள். பிரிட்டனில் 19-ம் நூற்றாண்டின் நடுவே, சந்தைக்குச் சந்தை போகும் வித்தைக்காரர்களின் குதிரை இழுக்கும் வண்டி வீட்டைப் பார்த்து ரோமாக்களும் கட்டிக்கொண்டார்கள். அவர்களைப் பார்த்து ஆசைப்பட்டவர் கோர்டன் ஸ்டேபிள்ஸ். கடற்படை மருத்துவராக இருந்து எழுத்தாளரானவர். 1885-ல் பிரிஸ்டல் நகர வண்டித் தொழிற்சாலையில் மகாகனி மரத்தில் ‘வாண்டரர்’ என்ற வண்டியைச் செய்யச்சொல்லி, இரண்டு குதிரைகள் பூட்டி ஸ்காட்லாந்து வரை போனார். எதிரே வருபவர்களை எச்சரிக்க, பணியாள் ஒருவர் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போனார். பிழைப்புக்கான வண்டி பொழுதுபோக்கானது அங்கேதான்.

குதிரை போய் மோட்டார் வந்ததும், அமெரிக்காவில் ஃபோர்டு மாடல் டி காரின் முதுகில் பலர் தாங்களே மரவீடு கட்டினார்கள். பெரிய திருப்பம் 1947-ல் ஜெர்மனியில் நேர்ந்தது. டச்சு வியாபாரி பென் பான் கார் இறக்குமதி விஷயமாக வொல்ஃப்ஸ்பர்க்கில் இருந்த ஃபோக்ஸ்வாகன் ஆலைக்குப் போனார். அங்கே உதிரிபாகம் சுமக்க, கார் அடிச்சட்டத்தில் கட்டிய ஒரு தட்டு வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பின்பக்கம் எஞ்சின், அதற்கு மேல் ஓட்டுநர், முன்னால் சரக்கு. ஏப்ரல் 23 அன்று பான் தன் நோட்டில் அதைத் திருத்தி வரைந்தார்: ஓட்டுநர் முன்னே, எஞ்சின் பின்னே, நடுவே சரக்கு. 1950 மார்ச்சில் அந்தக் கிறுக்கல் வேனாக உற்பத்திக்கு வந்தது.

ஜெர்மனியில் பணியிலிருந்த ஒரு பிரிட்டிஷ் அதிகாரி, இதற்குள் தங்க வசதி செய்து தரமுடியுமா என்று வெஸ்ட்ஃபாலியா என்ற பாடி கட்டும் நிறுவனத்தைக் கேட்டார் என்பது அங்கே வழங்கும் கதை. 1951-ல் அவர்கள் கொண்டுவந்தது ஒரு ‘கேம்பிங் பெட்டி’. மர அலமாரி, விரித்தால் படுக்கை. கழற்றி வைத்தால் வண்டி மறுபடி சரக்குக்குத் தயார். வார நாளில் சம்பாதிக்கிற வண்டியே ஞாயிற்றுக்கிழமை வீடாகவும் இருக்கும். ஏழைத் தொழிலாளியின் தேவை தெரிந்த யோசனை அது. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பொருளும் அதுதான்.

பிரிட்டனில் ஃபோக்ஸ்டோன் ஊரின் மார்ட்டின் வால்டர் நிறுவனம், கப்பலுக்குக் காத்திருந்தவர்கள் காரிலேயே சுருண்டு படுப்பதைப் பார்த்து பெட்ஃபோர்டு வேனை ‘டார்மோபைல்’ ஆக்கியது. பிறகு 1960-70களில், இத்தகைய வேன்களும் பழைய டெலிவரி வண்டிகளும் இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல் வழியாக ஹிப்பிகளைச் சுமந்து இந்தியாவுக்கு வந்தன. கோவாவைத் தாண்டி இறங்கியவர்களுக்கு நமக்குப் பக்கத்திலிருக்கும் கேரளக் கோவளம் தங்குமிடமானது. 1979-ல் ஈரானில் புரட்சி, ஆப்கானிஸ்தானில் சோவியத் படை. அந்தச் சாலை அடைபட்டது.

ஆனால் அதே குடும்பத்து வண்டி வேறு வாசல் வழியாக ஏற்கெனவே வந்திருந்தது. ஹாம்பர்க்கின் விடால் நிறுவனம் ‘டெம்போ’ என்ற பெயரில் சரக்கு வண்டிகள் செய்தது. 1949-ல் வந்த அதன் மாட்டடோருக்கு எஞ்சின் கொடுத்தது ஃபோக்ஸ்வாகன். தன் வேனும் சந்தைக்கு வந்தபிறகு, போட்டியாளருக்கு ஏன் கொடுக்கவேண்டும் என்று நிறுத்திக்கொண்டது. 1958-ல் என்.கே. ஃபிரோடியாவின் பஜாஜ் டெம்போ, ஜெர்மன் டெம்போவின் மூன்று சக்கர வண்டியை இங்கே செய்யத் தொடங்கியது. 1987-ல் மெர்சிடிஸ் டி1 வேனை ஒட்டி அதே பஜாஜ் டெம்போவின் டிராவலர் வந்தது. ஜெர்மனியில் அதே டி1 வேனில் கேம்பர் கட்டியது, அந்த மரப்பெட்டி செய்த வெஸ்ட்ஃபாலியாதான்! நம் ஊர்ப் பட்டறைகள் டிராவலரைக் கேரவனாக்கும்போது, அறியாமலே அந்தப் பழைய வேலையைத் தொடர்கின்றன.

கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. நெல் சுமந்த கெட்டுவள்ளங்களைப் படகு வீடாக்கிய அனுபவம் அவர்களுக்கு இருந்தது. தமிழ்நாட்டில் தனியாள் இந்த வேலையில் இறங்கினால் முதலில் பார்க்கவேண்டியது சட்டத்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த அடிப்படை வடிவத்தை விருப்பம்போல் மாற்ற விடாது. 2019 திருத்தப்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. மோட்டார் கேரவன் என்றே தனி வகையும், அதற்கு ஏ.ஐ.எஸ்.-124 என்ற தரவிதியும் இருக்கின்றன. கூரையை வெட்டுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

இராஜாக்கமங்கலம் போன்ற கரையில் உப்புக்காற்று வேறு. தகரத்தோடு ஒட்டி பிளைவுட் அடித்தால், இடையில் தங்கும் ஈரம் வண்டியை உள்ளிருந்தே அரிக்கும்; காற்றுப் போக இடம்விட்டு, துரு தடுக்கும் பூச்சு அடித்த பிறகே பலகை. கேஸ் சிலிண்டர் வைப்பவர்கள் தரையோரம் ஒரு காற்றுத் துளை விடவேண்டும், கசியும் கேஸ் கீழேதான் தங்கும். சட்டமும் துருவும் இப்படி இருப்பதால், பிழைப்புக்கு டெம்போ வைத்திருப்பவர்களுக்கு என் சிபாரிசு 1951-ன் கழற்றும் பெட்டிதான்: பாடியில் கைவைக்காத, இரண்டு பேர் தூக்கி இறக்கக்கூடிய ஒரு மரப்பெட்டி. ஓடும்போது ஆட்கள் முன் சீட்டில், பின்னால் சாமான் மட்டும். சரக்கு வண்டியின் பின்பக்கம் ஆள் ஏற்றச் சட்டம் விடாது.