ஸ்ரியறிங் எண்ணெய் இழுக்கும் பாரம்

ஜெர்மனிக்கு அகதியாக வந்து நான் பழகிய தொழில் வாகனம் திருத்துவது. காடு மேடெல்லாம் போகும் ஜீப்புக்கும் லொறிக்கும் முன்பக்கம் வின்ச் பூட்ட வருபவர்கள் அநேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். பற்றரியில் ஓடுவது நல்லதா, ஹைட்ரோலிக் நல்லதா? பதில் சொல்வதென்றால் கொஞ்சம் பழங்கதை சொல்ல வேண்டும்.

மூடிய பாத்திரத்தில் திரவத்தை அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரேயளவாகப் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டிலேயே பஸ்கால் சொல்லிவிட்டார். அதை வைத்து இங்கிலாந்தில் ஜோசப் பிராமா 1795இல் ஹைட்ரோலிக் அழுத்தியந்திரத்துக்குக் காப்புரிமை எடுத்தார். 1846இல் நியூகாசில் துறையில் தண்ணீர் அழுத்தத்தால் ஓடும் பாரந்தூக்கியை நிறுவியவர் வில்லியம் ஆம்ஸ்ட்ரோங். அவர் படித்தது சட்டம், மனம் போனது இயந்திரத்தில்!

வாகன வின்ச்சுக்கு எண்ணெய் வந்து சேர இன்னும் காலம் எடுத்தது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ஜி.எம்.சி. லொறிகள் பலவற்றின் முன்னால் 10,000 இறாத்தல் இழுக்கும் வின்ச் இருந்தது. அதைச் சுற்றியது எஞ்சின் பலத்தைக் கொண்டுவந்த இரும்புத் தண்டு. சுமை மிஞ்சினால் ஒரு சிறிய ஆணி முறிந்து மற்றதைக் காப்பாற்றும். முறிந்த ஆணியைச் சேற்றுக்குள் கிடந்து மாற்றுவது யார் தலைவிதியோ! 1959இல் வார்ன் நிறுவனம் பற்றரி வின்ச்சைச் சாதாரண ஜீப்காரர் கைக்குக் கொண்டுவந்தது.

இதற்கிடையில் இன்னொரு கதை நடந்தது. அமெரிக்கப் பொறியியலாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1920களில் எண்ணெய் அழுத்தத்தால் ஸ்ரியறிங்கை இலகுவாகத் திருப்பும் வழியைக் கண்டார். விலை கூட என்று கார் நிறுவனங்கள் தயங்கின. 1951இல்தான் கிறைஸ்லர் இம்பீரியல் காரில் அது விற்பனைக்கு வந்தது. பிறகு வாகனத்துக்கு வாகனம் ஒரு ஹைட்ரோலிக் பம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. காட்டுக்குள் நேராக நிற்கும் வண்டிக்கு ஸ்ரியறிங் பலம் எதற்கு? அதை வின்ச்சுக்குக் கொடுத்தால் என்ன? அமெரிக்கப் படையின் ஹம்விகளுக்கும் இப்படியான ஹைட்ரோலிக் வின்ச் பூட்டியிருக்கிறார்கள்.

பூட்டும் முறை சுலபம். பம்மிலிருந்து வரும் குழாயை முதலில் வின்ச்சின் வால்வுக்கும், அங்கிருந்து ஸ்ரியறிங் பெட்டிக்கும் கொடுக்க வேண்டும். எண்ணெய் கடைசியில் தொட்டிக்குத் திரும்பும். பிறகு சுமையில்லாமல் கம்பியை விட்டும் சுற்றியும், ஸ்ரியறிங்கை இரண்டு பக்கமும் திருப்பியும் காற்றை வெளியேற்றி, குறைந்த எண்ணெயை நிரப்ப வேண்டும். பம்மின் அழுத்தம் எவ்வளவோ இழுவையும் அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் பாதுகாப்பு வால்வு திறக்கும், வின்ச் நின்றுவிடும். ஒன்றும் எரியாது. கடைசிச் சில சுற்றுக் கம்பி எப்போதும் உருளையில் இருக்கட்டும். இழுக்கும் கம்பிமேல் ஒரு தடித்த போர்வையைப் போடுங்கள். இரும்புக் கம்பி அறுந்தால் ஆளைக் கொல்லும்.

பற்றரி வின்ச் முழுச் சுமையில் 400 அம்பியருக்கு மேல் குடிக்கும். சில நிமிடத்தில் மோட்டர் கொதிக்கும், ஆறவிட வேண்டும். ஹைட்ரோலிக் மெதுவானது, ஆனால் எஞ்சின் ஓடும்வரை சலிக்காமல் இழுக்கும், தண்ணீருக்குள்ளும் இழுக்கும். எஞ்சின் நின்றால் அதுவும் நின்றது. அந்த நேரம் பற்றரிதான் கை கொடுக்கும். ஆகவே எது நல்லது என்பதைவிட, எந்த இடத்தில் மாட்டுப்படப் போகிறீர்கள் என்பதே சரியான கேள்வி. ஆற்றைக் கடந்து நாள் முழுக்க இழுப்பவருக்கு எண்ணெய், வருடத்தில் இரண்டு தரம் சேற்றில் இறங்குபவருக்குப் பற்றரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது வரும் பல வாகனங்களில் ஸ்ரியறிங்கும் மின்சாரத்தில்தான். இரவல் வாங்க அங்கே பம்மே இல்லை. வின்ச்சுக்கென்று தனியாக ஒன்று பூட்டினால்தான் உண்டு. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அந்தப் பம்மைக் கவனமாகப் பாருங்கள்.