பாதை எம்டியூ கருந்துளை

பாதை எம்டியூ கருந்துளை என்பது சர்வர் இணைப்புகளில் தோன்றும், எளிதில் பிடிபடாத ஒரு கோளாறு. இணைப்பு கிடைக்கும், பிங்குக்குப் பதில் வரும், ஆனால் பெரிய தரவு ஏதும் போகத் தொடங்கியதும் எல்லாம் உறைந்துவிடும். அப்ளிகேஷன் லாகில் பிழை எதுவும் இராது. அதனால் பழி பெரும்பாலும் நிரல் எழுதியவர்மேல் விழுகிறது.

ஓர் இணைப்பு ஒரே தடவையில் சுமக்கக்கூடிய பாக்கெட்டின் உச்ச அளவே எம்டியூ. ஈதர்நெட்டில் அது வழக்கமாக 1500 பைட். பல பிராட்பேண்ட் இணைப்புகளில் உள்ள பிபிபிஓஈ 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் 1492தான் மிஞ்சும். விபிஎன் வழியில் இன்னும் குறையும். வழியின் மிகக் குறுகிய இடம் எது என்று சர்வருக்கு முன்கூட்டித் தெரியாது. அதைக் கண்டறியும் முறையை 1990-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 1191 வகுத்தது. பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்று சொல்லும் டிஎஃப் பிட்டை வைத்து சர்வர் அனுப்பும். தாங்காத அளவில் பாக்கெட் வந்தால் ரவுட்டர் அதைத் தள்ளிவிட்டு, தன்னால் எவ்வளவு முடியும் என்பதை வகை 3, குறியீடு 4 கொண்ட ஐசிஎம்பி செய்தியாகத் திருப்பி அனுப்ப வேண்டும். இடையில் ஒரு ஃபயர்வால் ஐசிஎம்பியை முழுக்க அடைத்திருந்தால் அந்தச் செய்தி வந்து சேராது. காரணம் தெரியாத சர்வர் அதே பாக்கெட்டை, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே, திரும்பத் திரும்ப அனுப்பும். பாதுகாப்பு என்ற பெயரில் ஐசிஎம்பி மொத்தத்தையும் மூடுவது இன்றும் தொடரும் கெட்ட பழக்கம்.

அறிகுறிகளில் ஓர் ஒழுங்கு உண்டு. டிசிபி இணைப்பைத் தொடங்கும் மூன்று பாக்கெட்டுகளும் சிறியவை என்பதால் தடையின்றிப் போகும். சர்வர் தன் சான்றிதழை அனுப்பும் கட்டத்தில் டிஎல்எஸ் நின்றுபோகும். எஸ்எஸ்ஹெச்சில் உள்ளே நுழைந்துவிடலாம். ஆனால் நீண்ட கோப்புப் பட்டியலைக் கேட்டதும் திரை அசையாது. அலுவலகத்தில் எல்லாம் சரியாக ஓடி, சிலரது வீட்டிலிருந்து மட்டும் முடங்கினால் முதலில் எம்டியூவைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சோதனையைச் சர்வரிலிருந்து பயனரை நோக்கிச் செய்வது முக்கியம். எதிர்த்திசையில் செய்தால் குறை தெரியாமலே போகலாம். டிஎஃப் பிட்டோடு 1472 பைட் தரவை பிங்கில் அனுப்பினால், 28 பைட் தலைப்புகள் சேர்ந்து சரியாக 1500 ஆகும். அதற்குப் பதிலே இல்லாமல், 1464 மட்டும் போய்ச் சேர்ந்தால் வழியின் எம்டியூ 1492. பாக்கெட்டுகளைப் பதிவுசெய்யும் டிசிபிடம்ப்பில் பார்த்தால் பெரிய பாக்கெட்டுகள் மட்டும் மறுபடி மறுபடி கிளம்புவது தெரியும். சர்வரிலேயே பிடித்த பதிவில் 1500-ஐத் தாண்டிய பாக்கெட்டுகளைக் கண்டு மிரள வேண்டாம். அவற்றை நெட்வொர்க் கார்டு பிறகுதான் பிரிக்கிறது.

சரியான தீர்வு, அந்த ஐசிஎம்பி வகையை ஃபயர்வாலில் திறந்துவிடுவதே. ஃபயர்வால் வேறொருவர் கையில் இருந்தால், ரவுட்டரில் டிசிபியின் எம்எஸ்எஸ் அளவை, அதாவது ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்சத்தை, எம்டியூ 1492 ஆக உள்ள வழிக்கு ஏற்ப 1452-க்குக் குறைக்கலாம். இது டிசிபிக்கு மட்டுமே உதவும். ஐசிஎம்பியை நம்பாமல் சர்வரே அளவைத் துழாவிப் பார்க்கும் முறையை ஆர்எஃப்சி 4821 (2007) தந்தது. லினக்ஸில் இவ்வசதி இருந்தாலும் இயல்பாக அணைந்தே இருக்கும். ஐபிவி6-இல் ரவுட்டர்கள் பாக்கெட்டைத் துண்டாக்குவதே இல்லை என்பதால் அங்கே ஐசிஎம்பியை அடைப்பது இன்னும் பெரிய கேடு. லோட் பேலன்சருக்குப் பின்னால் பல சர்வர்கள் இருக்கும் அமைப்புகளில், ஃபயர்வால் ஒழுங்காக இருந்தும் இதே கோளாறு வருவதுண்டு: ஐசிஎம்பி செய்தி வந்து சேரும், ஆனால் பாக்கெட்டை அனுப்பாத வேறொரு சர்வருக்கு.