காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் முட்டைப் பெட்டிக்கு வந்த வழி

புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் நாட்டுக்கோழி வளர்ப்பவர்களில் அடைக்கோழியை நம்பாமல் தெர்மாகோல் பெட்டியில் குஞ்சு பொரிக்க வைப்பவர்கள் உண்டு. உள்ளே குண்டு பல்பு, ஒரு சின்ன மின்விசிறி, தண்ணீர்க் கிண்ணம். வெளியே சிவப்பு எண் காட்டும் கன்ட்ரோலர். அந்த எண்ணை மட்டும் நம்பி 21 நாள் காத்திருந்து, கடைசியில் கூமுட்டைகளைத் தூக்கிப் போட்டவர்களுக்குத்தான் முட்டைகளோடு படுத்துக் கிடக்கும் பாதரசத் தெர்மாமீட்டரின் அருமை தெரியும்.

அது பிறப்பதற்கு முன்பே மனிதன் கோழியில்லாமல் குஞ்சு பொரிக்கக் கற்றுவிட்டான். எகிப்தில் சூளை போன்ற மண் அறைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை அடுக்கினார்கள். சூட்டைப் பார்க்க முட்டையை எடுத்துக் கண்ணிமையில் வைப்பார்கள், அவ்வளவுதான். அப்பனிடமிருந்து பிள்ளை கற்ற வித்தை அது. வேற்றூரான் பார்த்துப் பழகிவிட முடியாது.

1714-இல் ஃபாரன்ஹீட் பாதரசத் தெர்மாமீட்டரைச் செய்தார். அதற்குப் பிறகுதான் இமைக்குத் தெரிந்தது எண்ணாக மாறி ஊர் கடந்தது. பிரான்சில் ரெயோமூர் என்ற அறிவியலாளர், புளிக்கும் குதிரைச் சாணத்தில் பீப்பாயைப் புதைத்து, உள்ளே முட்டைகளையும் தெர்மாமீட்டரையும் வைத்துப் பார்த்து, 1749-இல் நூலாக எழுதினார். அப்போது புதுச்சேரியில் துய்ப்ளே ஆளுநர். மூன்றாண்டு கழித்து இதே பாகூரில் பிரெஞ்சுப் படையும் ஆங்கிலப் படையும் மோதிக்கொண்டன. அந்தச் சண்டையைப் பாடத்தில் படிக்கிறோம், ரெயோமூரைப் படிப்பதில்லையே என்பது என் வருத்தம். தெர்மாமீட்டர் வாங்க முடியாத குடியானவருக்கும் அவர் ஒரு வழி சொன்னார்: வெண்ணெயும் கொழுப்பும் கலந்து உருக்கிச் சின்னக் குப்பியில் ஊற்றிப் பெட்டிக்குள் வை. கட்டியாக நின்றால் சூடு போதாது, தண்ணீராய் ஓடினால் அதிகம், பாகுபோல் மெல்ல அசைந்தால் சரி.

இங்கிலாந்து மருத்துவர் ஆல்பட் 1866-இல் ஓரடி நீளமிருந்த காய்ச்சல் தெர்மாமீட்டரை ஆறங்குலமாகச் சுருக்கினார். இருபது நிமிட வேலை ஐந்து நிமிடமானது. அது நம் ஊர் மருந்துக் கடைக்கும், அங்கிருந்து வீட்டு அலமாரிக்கும் வந்தது. காய்ச்சலுக்கென்று அளவிட்ட அதன் கோடுகள் ஏறக்குறைய 94 முதல் 108 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. முட்டைக்கு வேண்டிய 99.5, அதாவது 37.5 செல்சியஸ், அதற்குள் விழுகிறது. கால் டிகிரியைக்கூடப் பிரித்துப் பார்க்கலாம். மலிவான டிஎச்டி-11 சென்சாருக்கு அதன் விவரத்தாளே 2 டிகிரி செல்சியஸ் வரை பிழை சொல்கிறது. எண் பளிச்சென்று தெரிவதால் சரியாகிவிடாது.

எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 99.5 என்பது விசிறி ஓடும் பெட்டிக்கு. விசிறி இல்லாவிட்டால் சூடு மேலே ஏறி நிற்கும். மூடிக்கும் தரைக்கும் பல டிகிரி வித்தியாசம் வரும். அப்போது முட்டையின் மேல்மட்டத்தில் 101 முதல் 102 வரை இருக்க வேண்டும். கன்ட்ரோலரின் சென்சார் பல்புக்கு நேராகத் தொங்கினால், பல்பு சீக்கிரம் அணைந்து முட்டை குளிரும். தரையில் கிடந்தால் பல்பு எரிந்துகொண்டே இருந்து முட்டை வெந்துவிடும். சற்றுக் குறைந்த சூடு பொரிப்பைத் தாமதப்படுத்தும். கூடிய சூடு கருவைக் கொல்லும்.

காய்ச்சல் தெர்மாமீட்டருக்குத் தனிக் குணம் ஒன்று உண்டு. ஏறிய பாதரசம் உதறினால்தான் இறங்கும். இரவில் பெட்டி எவ்வளவு ஏறியது என்பதைக் காலையில் காட்டிவிடும். உதறாமல் மறுபடி வைத்தால் நேற்றைய சூட்டையே இன்றும் சொல்லும். அக்கினி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்குக் கீழ் பல்பு எரியாமலே பெட்டி சூடேறும். கடைசி வாரத்தில் குஞ்சுகளின் உடல் சூடும் சேரும். அப்போது பெட்டியை வீட்டின் குளிர்ந்த அறைக்கு மாற்றுவதுதான் வழி. 108-ஐத் தாண்டினால் குழாயே உடையக்கூடும். உடைந்தால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். சன்னலைத் திறந்து, பல்பை அணைத்து, பாதரச மணிகளை அட்டையால் ஒதுக்கி மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

பாதரசத்தைக் கைவிட 2013-இல் மினமாட்டா உடன்படிக்கை வந்தது; இந்தியா 2018-இல் ஏற்றது. இனி டிஜிட்டல் தெர்மாமீட்டர்தான். அது தானாக அணைந்துவிடும், பெட்டிக்குள் காவல் இருக்காது. ஆனால் சரிபார்க்க உதவும். குவளையில் உடம்புச் சூட்டை ஒத்த வெந்நீர் எடுத்து, தெர்மாமீட்டரின் முனையையும், கன்ட்ரோலரின் நீர் புகாத சென்சார் முனையையும் ஒன்றாகப் பிடித்துக் கலக்குங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெட்டியின் மீதே எழுதிவையுங்கள். பிறகு ஒரு நாள் முழுக்கப் பெட்டியை வெறுமனே ஓடவிட்டுப் பார்த்துவிட்டு முட்டை வையுங்கள்.