குமிழுக்குள் ஒரு பசை

ஜவ்வாது மலைக் காவலூரில் விண்ணைப் பார்ப்பதற்கென்று ஒரு நிலையம் இருக்கிறது. வானியல் அறிஞர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம் அது. 1968-ல் கொடைக்கானல் பட்டறையில் செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு அங்கே வேலை தொடங்கிற்று. 1972-ல் அந்நாளைய கிழக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்து சேர்ந்தது. வானம் மணிக்குப் 15 பாகை மேற்கே நகர்வதாகத் தோன்றுகிறது. தொலைநோக்கியும் அதே நிதானத்தில் கூடவே திரும்ப வேண்டும். ஒரு தயக்கமோ துள்ளலோ ஏற்பட்டால் நட்சத்திரம் கைநழுவிப் போய்விடும்.

இவ்வளவு பெரிய காரியத்தைச் சொல்லிவிட்டுப் பழைய வால்வு ரேடியோவின் குமிழுக்கு இறங்கி வருகிறேன். இரண்டுக்கும் தொல்லை கொடுப்பது ஒரே விதிதான். நிற்கிற பொருளை அசைக்க வேண்டிய பலம், அசைகிற பொருளைத் தொடர்ந்து நகர்த்த வேண்டிய பலத்தைவிடப் பெரும்பாலும் அதிகம். ஆகையால் உலர்ந்துபோன தண்டு முதலில் அடம் பிடிக்கும். பிறகு திடீரென்று துள்ளி, நாம் வேண்டிய இடத்தைத் தாண்டி நிற்கும்.

சென்னையில் 1924-ல் மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பத் தொடங்கியது. 1938-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939-ல் திருச்சி நிலையமும் பிறந்தன. பக்கத்து நிலையத்தை மத்திய அலையில் கேட்பதற்குப் பெரிய விரல் நுணுக்கம் வேண்டியதில்லை. இலங்கை வானொலியைச் சிற்றலையில் பிடிக்க வந்தபோதுதான் விரலுக்குச் சோதனை ஏற்பட்டது. அங்கே மயிரிழை திரும்பினால் பாட்டுப் போய், புரியாத பாஷை வந்துவிடும். ரேடியோ செய்தவர்கள் இதை அறிந்தவர்கள். குமிழ் பல சுற்றுச் சுற்றினால் கான்டென்ஸர் அரைச் சுற்றே திரும்பும்படி, சக்கரத்தில் நூல் சுற்றி வைத்தார்கள். பெரிய பெட்டிகளில் தண்டோடு ஒரு கனத்த உலோகச் சக்கரத்தையும் சேர்த்தார்கள். தண்டு நுழைகிற பித்தளைக் குழலில் கெட்டியான கிரீஸைத் தடவினார்கள்.

வண்டியின் அச்சுக்கு மசகு போடுவது சுலபமாக ஓடுவதற்காக. குமிழின் கிரீஸுக்கு அதோடு இன்னொரு வேலையும் உண்டு: கொஞ்சம் தடுப்பது. மெதுவாகத் திருப்பினால் இணங்கும், அவசரப்பட்டால் எதிர்க்கும். நாம் 'வழவழப்பு' என்று மெச்சுவது, அளந்து வைத்த ஓர் எதிர்ப்பையே. மைக்ராஸ்கோப்பிலும் காமிரா லென்ஸிலும் விரலுக்கு இதம் தருவது இதே தந்திரம்தான்.

இந்தப் பசைக் கலைக்கு ஒரு கடல் கதையும் உண்டு. அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்தில் நை என்பவரின் கம்பெனி, கடற்பன்றி முதலியவற்றின் தாடையிலிருந்து எடுத்த எண்ணெயைக் கடிகாரங்களுக்கு விற்றுப் பெயர் வாங்கியது. கடல்வாழ் பாலூட்டிகளைக் காக்க அந்நாட்டில் 1972-ல் சட்டம் வந்தது. அந்தக் கம்பெனியும் செயற்கை எண்ணெய்களுக்கு மாறிக்கொண்டது. குமிழுக்கென்றே வெவ்வேறு கெட்டியில் செய்த பசைகள் இன்று கிடைக்கின்றன.

பழைய கிரீஸ் வயதாகி எண்ணெய் பிரிந்து, பித்தளையின் செம்போடு கூடிப் பச்சை மெழுகாக இறுகிவிடுகிறது. அப்போது குமிழ் முரண்டு பிடிக்கிறது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழிலோ, லாடம்போல் வளைந்த கரிப்பாதையில் ஊரும் உலோக விரலுக்கு அடியில் அழுக்குச் சேர்ந்து கரகரக்கிறது. கரகரப்புப் போக ஒரு திரவத்தைப் பீச்சுகிறார்கள். கரகரப்புப் போகிறது, கூடவே கிரீஸும் கரைந்து போகிறது. பிறகு குமிழ் காற்றாடிபோல் சுற்றுகிறது. பெட்டி பாடுவதால் ரிப்பேர் முடிந்தது என்று எல்லோரும் திருப்தி அடைகிறார்கள்.

சரியான வழி பொறுமையுள்ளது. உறுப்பைக் கழற்ற வேண்டும். கரிப்பாதையைச் சாராயச் சத்தால் பதமாகத் துடைக்க வேண்டும். தண்டின் பச்சை மெழுகைச் சுரண்டாமல் ஊறவைத்து எடுக்க வேண்டும். புதிய பசையைக் குழலுக்குள் மட்டும், கடுகளவு, இட வேண்டும். அது கரிப்பாதைமேல் படக்கூடாது. சக்கரத்து நூலிலும் எண்ணெய் படக்கூடாது; பட்டால் நூல் வழுக்கும்.

இதெல்லாம் பழம்பொருள் பித்து என்று சிலர் சிரிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்நாளைய குரல்களில் சிலவற்றைத் தட்டிலும் நாடாவிலும் பதித்து வைத்திருக்கிறோம். பெட்டியின் உருவத்துக்குப் படம் இருக்கிறது. ஆனால் இருட்டில் உட்கார்ந்து கொழும்பைத் தேடியவரின் விரலுக்கு அந்தக் குமிழ் என்ன பதில் சொல்லிற்று என்பதைப் பதித்து வைக்க எந்தக் கருவியும் அப்போது இருக்கவில்லை. அதற்கு மிஞ்சிய சாட்சி அந்தக் குழலுக்குள் இருக்கும் கடுகளவு பசைதான். அதைக் கழுவிக் கொட்டுகிறவர், மறுபடியும் இட்டுவிட்டுப் போக வேண்டும்.