நான்கு ஆவணங்களும் ஒரு நாடும்: ஈரானின் எண்ணெய் வரலாறு பற்றிய ஓர் ஆய்வு

தமிழில் ‘இறை’ என்னும் சொல் அரசனையும் குறிக்கும். குடிகள் அரசனுக்குச் செலுத்தும் வரியையும் குறிக்கும். ஆள்வோனுக்கும் குடிகளுக்கும் இடையேயுள்ள பிணைப்பு இவ்வொரு சொல்லிலேயே அடங்கியிருக்கக் காண்கின்றோம். குடிகள் பொருள் தருவர். தருதலால் முறை கேட்கும் உரிமையும் பெறுவர். அவ்வாறாயின், குடிகளின் கையை எதிர்பாராமலே அரசுக்குப் பெரும்பொருள் வந்து சேரும் நாட்டில் இப்பிணைப்பு என்னாகும்? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு ஈரான் நாட்டின் எண்ணெய் வரலாறு பெரிதும் துணைசெய்யும்.

இவ்வரலாற்றை எழுதியோர் பலர், வல்லரசுகளின் போட்டியாக இதனைக் கண்டனர். அது பொருந்தாதது அன்று. எனினும் அதனால் முழுமையும் விளங்கிவிடாது. தொல்காப்பியச் செய்யுளியல் கூற்று, கேட்போர் என்பவற்றைச் செய்யுளின் உறுப்புகளாக எண்ணும். செய்யுளை ஆராய்வார்க்கு இயல்பான அவ்வினாக்களையே வரலாற்று ஆவணங்களிடத்தும் எழுப்பலாம் என்பது நம் கருத்து. 1901, 1933, 1951, 1954 ஆகிய ஆண்டுகளில் எழுந்த நான்கு ஆவணங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் பேசியவர் யார், கேட்டவர் யார், பேச இடம்பெறாதவர் யார் என ஈண்டு ஆராய்வோம்.

1. முதற் பட்டயம்

1901ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள், காசார் மரபினராகிய முசாபர் அல்-தீன் ஷா, வில்லியம் நாக்ஸ் தார்சி என்பார்க்கு ஓர் உரிமைப் பட்டயம் வழங்கினார். உருசியாவை அடுத்திருந்த வட மாகாணங்கள் ஐந்து நீங்கலாக நாடு முழுவதும் எண்ணெய் தேடவும் எடுக்கவும் விற்கவும் 60 ஆண்டுக் காலத்துக்கு உரிமை அளிக்கப்பட்டது. இதற்கு ஈடாக 20,000 பவுன் ரொக்கமும், அதே மதிப்புள்ள பங்குகளும், ஆண்டுதோறும் நிகர இலாபத்தில் நூற்றுக்கு 16 விழுக்காடும் அரசுக்கு வரும் என்பது ஏற்பாடு.

இப்பட்டயத்தில் பேசியவர் மன்னர். கேட்டவர் ஒரு தனி வணிகர். அந்நாளில் ஈரானில் மக்கள் மன்றம் இல்லை. அரசியலமைப்புப் புரட்சியின் பயனாக மஜ்லிசு முதன்முதல் கூடியது 1906இல்தான். ஆகவே, நாட்டின் தலைமையான செல்வம், அந்நாட்டு மக்கள் தமக்கென ஒரு மன்றத்தைப் பெறுமுன்னரே கைமாறிவிட்டது. இக்கால வரிசை பின்வரும் செய்திகள் அனைத்துக்கும் அடிப்படையாகும்.

1908 மே 26இல் மஸ்ஜிதே சுலைமான் என்னுமிடத்தில் எண்ணெய் பீறிட்டது. அடுத்த ஆண்டு ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பெனி தோன்றியது. எண்ணெய் வயல்களைக் காக்கும் பொறுப்புக்குப் பக்தியாரித் தலைவர்களோடும், அபாதான் தீவில் ஆலை அமைக்கும் நிலத்துக்கு முகமரா நகரின் தலைவர் ஷேக் கசலோடும் தனித்தனி உடன்பாடுகள் செய்யப்பட்டன. தலைநகரின் ஆணை செல்லாத இடங்களில் கம்பெனி தானே உடன்பாடு செய்துகொண்டது. அதனால் நடுவணரசின் வலிமை மேலும் குன்றியது. 1914இல், கடற்படைக்கு நிலக்கரியை விடுத்து எண்ணெயைப் பயன்படுத்தும் கொள்கையை வலியுறுத்திய சர்ச்சிலின் முயற்சியால், பிரித்தானிய அரசு கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கிற்று. தனி வணிகர் ஒருவர் கேட்போராக இருந்த இடத்தில் ஒரு பேரரசு வந்து அமர்ந்தது.

2. இரண்டாம் ஆவணம்

1925இல் மன்னரான ரேசா ஷா, அவ்வாண்டிலேயே ஷேக் கசலைச் சிறைப்படுத்தி எண்ணெய் நிலத்தின்மீது நடுவணரசின் ஆணையை நிறுவினார். 1932இல் பழைய பட்டயத்தை நீக்கிவிட்டதாக அறிவித்தார். வழக்கு சர்வதேச சங்கத்தின்முன் சென்றது. எனினும் 1933இல் எழுந்த புதிய உடன்படிக்கை, உரிமை நிலத்தை 1,00,000 சதுர மைலாகக் குறைத்து, டன் ஒன்றுக்கு 4 ஷில்லிங் வழங்க ஒப்பியதோடு, கால எல்லையை 1993 வரை நீட்டியும்விட்டது. பழைய பட்டயமோ 1961இல் முடிவுற வேண்டியது.

இதன்கண் பேசியவர் யார் என்பது எளிய வினா அன்று. மஜ்லிசு இதனை ஏற்றது உண்மையே. ஆயின் அந்நாளைய மஜ்லிசு மன்னரின் குறிப்பறிந்து நடந்தது. உடன்படிக்கையில் கையொப்பமிட்ட நிதியமைச்சர் தாகிசாதே, 1949இல் மஜ்லிசில் பேசுங்கால், தாம் அதில் ஒரு கருவியாக மட்டுமே இருந்ததாகக் கூறினார். கையொப்பம் ஒருவருடையது, கூற்று மற்றொருவருடையது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

3. அபாதானும் தொழிலாளரும்

இவ்விரண்டு ஆவணங்களிலும் இடம்பெறாதவர் தொழிலாளர். அபாதான் ஆலை உலகின் மிகப் பெரிய எண்ணெய் ஆலைகளுள் ஒன்றாக வளர்ந்தது. நாடோடி வாழ்க்கை நடத்திய இனக்குழுவினரும் உழவரும் அங்கே கூலியாட்களாயினர். பிரித்தானிய இந்தியாவிலிருந்தும் தொழிலாளர் அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்கள் 1920இல் ஊதிய உயர்வு வேண்டி வேலைநிறுத்தம் செய்தனர். ஆங்கிலேய அலுவலர்க்குப் பிரைம் என்னும் பகுதியில் தோட்டங்களோடு கூடிய மாளிகைகள். ஈரானியக் கூலியாட்களுள் பலருக்கோ குடிசைகள். நகர் அமைப்பே ஏற்றத்தாழ்வைக் காட்டி நின்றது.

1929இல் ஈரானியத் தொழிலாளர் கிளர்ந்தனர். 1946 சூலையில் குசித்தான் மாகாணம் தழுவிய பெரிய வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. ஊதியம், குடியிருப்பு என்னும் கோரிக்கைகள் படிப்படியே நாட்டுரிமை என்னும் கோரிக்கையோடு இணைந்தன. எண்ணெய்த் தொழில் ஈரானுக்குத் தந்தவற்றுள் வருவாயைப் போலவே இத்தொழிலாளர் வகுப்பும் குறிப்பிடத்தக்கது.

4. மூன்றாம் ஆவணம்

இரண்டாம் உலகப் போருக்குப்பின் கம்பெனி ஈரானுக்கு அளித்த தொகையினும் பிரித்தானிய அரசுக்குச் செலுத்திய வரி மிகுதியாயிற்று. 1950 இறுதியில் சவூதி அரேபியாவோடு அமெரிக்கக் கம்பெனிகள் இலாபத்தைச் சரிபாதியாகப் பகிர ஒப்பின. இச்செய்தி ஈரானியரின் மனக்குறையை வளர்த்தது. 1951 மார்ச்சில் மஜ்லிசும் மேலவையும் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமையாக்க ஒப்பின. ஏப்பிரலில் முகமது மொசாதெக் முதலமைச்சரானார். செயல்முறைச் சட்டத்தில், கம்பெனியின் உரிமைக் கோரிக்கைகளை ஈடுசெய்தற்கு நிகர வருவாயில் 25 விழுக்காடு வரை ஒதுக்கவும் வழி செய்யப்பட்டிருந்தது. ஆகலின் இதனைப் பறிமுதல் என்று கூறுதல் பொருந்தாது.

நான்கனுள் மக்கள் மன்றமே தன் குரலில் பேசிய ஆவணம் இஃது ஒன்றே. 1952 சூலை 22இல் அனைத்துலக நீதிமன்றம் இவ்வழக்கைத் தீர்க்கும் அதிகாரம் தனக்கில்லை எனக் கூறியது. 1933ஆம் ஆண்டு உடன்படிக்கை ஓர் அரசுக்கும் ஓர் அயல்நாட்டுக் கம்பெனிக்கும் இடைப்பட்ட ஒப்பந்தமே, இரு நாடுகளுக்கு இடைப்பட்ட உடன்படிக்கை அன்று என்பது அதன் துணிபு. பிரித்தானிய நீதிபதி மக்நேரும் இம்முடிவுக்கே இசைந்தார்.

சட்டத்தில் வென்றவர் சந்தையில் வெல்லவில்லை. ஈரானின் எண்ணெயை வாங்குவார் இன்றாயினர்; 1952இல் அதனை ஏற்றிச் சென்ற ரோஸ் மேரி என்னும் கப்பல் ஏடனில் தடுத்து வைக்கப்பட்டது. உள்நாட்டிலும் பிளவுகள் தோன்றின. 1953 ஆகஸ்டில் பொதுவாக்கெடுப்பின் வழியே மொசாதெக் மஜ்லிசைக் கலைத்தார். தமக்கு வலிமையாயிருந்த மன்றத்தைத் தாமே கலைத்தமை அவர்தம் ஆட்சியின் குறைகளுள் ஒன்று என்றே கருதுகின்றோம். அம்மாதம் 19ஆம் நாள், அமெரிக்க, பிரித்தானிய உளவுத்துறைகளின் துணையோடு அவராட்சி கவிழ்க்கப்பட்டது. தன் பங்கினை அமெரிக்க உளவுத்துறை 2013இல் வெளிவந்த ஆவணங்களில் ஒப்பியுள்ளது.

5. நான்காம் ஆவணம்

1954இல் எழுந்த உடன்படிக்கையின்படி ஒரு கம்பெனிக் கூட்டமைப்பு அமைந்தது. பழைய கம்பெனிக்கு 40 விழுக்காடும், அமெரிக்கக் கம்பெனிகளுக்குச் சேர்த்து 40 விழுக்காடும், ஷெல் கம்பெனிக்கு 14 விழுக்காடும், பிரெஞ்சுக் கம்பெனிக்கு 6 விழுக்காடும் பங்காயின. இலாபத்தில் பாதி ஈரானுக்கு என்றாயிற்று. உடைமை பெயரளவில் ஈரானுடையது; உற்பத்தியைக் கூட்டுதலும் குறைத்தலும் கூட்டமைப்பின் கையில். உற்பத்தியளவை வரையறுக்கக் கம்பெனிகள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு பல்லாண்டுகள் மறைவாகவே இருந்தது. வெளிப்படையான ஆவணத்தின் பின்னே வேறொரு ஆவணம் பேசிக்கொண்டிருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

6. இறையும் குடியும்

இதன்பின் எண்ணெய் வருவாய் அரசின் முதன்மையான பொருள்வழியாயிற்று. 1970இல் உசேன் மகதவி என்னும் பொருளியலறிஞர், ஈரானைச் சான்றாகக் கொண்டு, குடிகளின் உழைப்பினின்றும் வரியாக வாராது, அயலாரிடமிருந்து வாடகை போல வரும் வருவாயைச் சார்ந்த அரசுகளின் இயல்பை விளக்கினார். நாம் முதற்கண் எழுப்பிய வினாவும் இதுவே. 1973 அக்டோபர்த் தொடக்கத்தில் பீப்பாய்க்கு ஏறத்தாழ 3 டாலராக இருந்த அறிவிப்பு விலை, 1974 சனவரியில் 11.65 டாலராயிற்று. 1974 ஆகஸ்டில் ஐந்தாம் திட்டத்தின் செலவு ஏறத்தாழ இரட்டிப்பாக்கப்பட்டது. 1975 மார்ச்சில் பிற கட்சிகள் நீக்கப்பட்டு ரஸ்தாகீஸ் என்னும் ஒரே கட்சி நிறுவப்பெற்றது. குடிகளின் பொருளை வேண்டாத அரசு, அவர்தம் இசைவையும் வேண்டாததாயிற்று. பள்ளிகளும் சாலைகளும் ஆலைகளும் பெருகியதை மறுத்தற்கில்லை. விலைவாசியும் நகர நெருக்கடியும் உடன் பெருகின. குறைகளை எடுத்துரைக்க மன்றமில்லை.

1978 இலையுதிர் காலத்தில் எண்ணெய்த் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். நாளொன்றுக்கு 50 லட்சம் பீப்பாய்க்கு மேலிருந்த உற்பத்தி சரிந்தது. ஆண்டிறுதியில் ஏற்றுமதி நின்றது. 1979 சனவரி 16இல் ஷா நாட்டைவிட்டு நீங்கினார். நான்கு ஆவணங்களிலும் வாய்திறக்க இடம்பெறாதிருந்தவரே அவ்வரசின் பொருள்வழியை அடைத்தனர் என்பது சிந்திக்கத்தக்கது.

7. முடிவுரை

எண்ணெய்வளம் தன்னளவில் கேடன்று. நார்வே நாட்டில் 1814 முதலே அரசியலமைப்பும் மன்றமும் இருந்தன. பெரிய எண்ணெய்வயல் கண்டறியப்பட்டது 1969இல். 1990இல் எண்ணெய் வருவாய்க்கெனத் தனி நிதியம் சட்டத்தால் நிறுவப்பட்டது. அங்கே மன்றம் முந்தியது, எண்ணெய் பிந்தியது; ஈரானில் பட்டயம் முந்தியது, மன்றம் பிந்தியது. பிற காரணங்களும் உண்டெனினும் இவ்வரிசை வேறுபாடு புறக்கணிக்கத்தக்கதன்று.

1979க்குப் பின் ஆள்வோர் மாறினர். எண்ணெய் வருவாய் நேரே அரசின் கைக்குச் செல்லும் முறை மாறவில்லை. ஆகவே, ஒரு நாட்டின் எண்ணெய் வரலாற்றை ஆராயப் புகுவார், எண்ணெய் எவ்வளவு எடுக்கப்பட்டது, எவ்விலைக்கு விற்கப்பட்டது என்பவற்றோடு நின்றுவிடலாகாது. அதனைப் பற்றிய ஒவ்வோர் ஆவணத்திலும் குடிகள் எவ்விடத்தில் நின்றனர் என்பதையும் காணல் வேண்டும். பிற நாடுகளின் பட்டயங்களையும் இம்முறையில் ஆராய்தல் இளம் ஆய்வாளர்க்குப் பயன் தரும் என நம்புகின்றோம்.