ஜப்பான்காரன் காலத்துப் பள்ளிக்கூடம்

தமிழ்ப் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாகப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து ஜப்பானிய மொழி படித்த காலம் ஒன்று சரித்திரத்தில் உண்டு. மலாயாவிலும் சிங்கப்பூரிலும், 1942 முதல் 1945 வரை, மூன்றரை வருஷம். ஒருவரும் விரும்பிச் சேரவில்லை. மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பாடப் புத்தகத்தில் பேர்ல் ஹார்பர் வரும், ஹிரோஷிமா வரும். இரண்டுக்கும் நடுவில் நம் பிள்ளைகள் கதகானா என்ற ஜப்பானிய எழுத்தை எழுதிய கதை வராது.

செஞ்சிப் பக்கத்து அனந்தபுரத்தில் உட்கார்ந்துகொண்டு உனக்கு எதற்கு இந்தக் கதை என்று கேட்கலாம். மலாயா ரப்பர்த் தோட்டங்களை நிரப்பியவர்கள் வடார்க்காடு, தென்னார்க்காடு, திருச்சி, தஞ்சாவூர், சேலம் ஜில்லாக்களிலிருந்து கங்காணி கூட்டிப்போன சனங்கள்தான். செஞ்சி வட்டாரம் ஏரியை நம்பிய பூமி. மழை பொய்த்தால் கடன், கடன் முற்றினால் கப்பல். 1938இல் இந்திய அரசு கூலியாட்கள் போவதற்குத் தடை போட்டது. அதற்குள் போனவர்கள் அங்கேயே பிள்ளை பெற்றுக் குடியும் குடித்தனமுமாக இருந்தார்கள். என் ஒன்றுவிட்ட பெரியப்பா ஒருவர் அப்படிப் பேராக்கில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். போர் முடிந்து, ரஜூலா கப்பலில் ஊர் திரும்பினார்.

அவர் களத்தில் மல்லாட்டை மூட்டை எண்ணுவதைக் கேட்கவே நாங்கள் போய் நிற்போம். "இச்சி, நி, சான், ஷி, கோ..." என்று போகும். பத்து வந்ததும் "ஜூ" என்று ஓர் அதட்டல். ஏவலாளுக்குக் கணக்கு தப்பினால் மறுபடி இச்சியிலிருந்து.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. ஊர்ப் பெயர் ஷோனான் ஆனது, ஜப்பானியக் கணக்கில் வருஷம் 2602 ஆனது, கடிகாரம் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் தள்ளப்பட்டது. சில மாதங்களில் பள்ளிகள் திறந்தபோது பாடத்தில் முதலிடம் நிப்பொங்கோ என்ற ஜப்பானிய மொழிக்கு. காலையில் தோக்கியோ இருக்கும் திசை பார்த்து இடுப்பு வளைய ஒரு வணக்கம், ஜப்பானிய தேசிய கீதமான கிமிகயோ, பிறகு உடற்பயிற்சி. வாத்தியாருக்கே மொழி தெரியாது. அவர் மாலையில் படித்துக்கொண்டு வந்ததை மறுநாள் காலையில் பிள்ளைகளுக்கு ஒப்பிப்பார். அரசு ஊழியரில் மொழித் தேர்வு எழுதித் தேறியவர்களுக்குச் சம்பளத்தோடு படி கூடக் கிடைத்தது.

பெரியப்பாவுக்குக் கதகானா சீக்கிரம் வந்துவிட்டதாம். அதில் அதிசயம் இல்லை. ஜப்பானிய எழுத்து வரிசையே அ, இ, உ, எ, ஒ என்றுதான் தொடங்குகிறது. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. பௌத்தத் துறவிகள் சமஸ்கிருத எழுத்தைப் படித்தபோது கொண்டுபோன வரிசை அது. திண்ணைப் பள்ளிக்கூடத்து அரிச்சுவடி தெரிந்த பிள்ளைக்கு எழுத்தின் உருவம்தான் புதிது, வரிசை ஏற்கெனவே வாயில் இருந்தது. அடி வாங்கிப் படித்த பாடம், அறுபது வயதிலும் களத்து மண்ணில் விரலால் எழுதிக் காட்டுவார்.

இன்னொரு பக்கமும் சொல்லியாக வேண்டும். பையன் வகுப்பில் எழுதிக்கொண்டிருந்தபோது, தகப்பனை லாரியில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்த அந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. தோட்டத் தமிழர் பல்லாயிரம் பேர் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அங்கேயே மாண்டுபோனார்கள். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் அதைத்தான் பேசுகிறது. பெரியப்பாவின் அப்பாவும் திரும்பவில்லை. பெரியப்பா ஜப்பானியர்களைத் திட்டி நான் கேட்டதில்லை, புகழ்ந்தும் கேட்டதில்லை. அந்த 'இச்சி, நி' எண்ணல் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்த பிறகு, இந்திய சுதந்திர லீக் நடத்திய பள்ளிகளில் இந்துஸ்தானியும் சேர்ந்தது. ஒரே பையன் தமிழ், ஜப்பானியம், இந்துஸ்தானி மூன்றும் படித்தான். மும்மொழித் திட்டத்தைப் பற்றி இன்றைக்குச் சண்டை போடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். நேதாஜி 45 இளைஞர்களைப் பொறுக்கித் தோக்கியோவுக்கு அனுப்பினார். அவர்கள் முதலில் மொழி படித்து, பிறகு ராணுவப் பயிற்சிக் கழகங்களில் சேர்ந்தார்கள். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது, அவர்கள் படிப்பும் நின்றது.

பள்ளியின் உதவியே இல்லாமல் படித்தவர் ஒருவர் உண்டு. 1924இல் பிறந்த செல்லப்பன் ராமநாதன், சிறு வயதை மூவாரில் கழித்தவர், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். கையில் கிடைத்த ஆங்கில-ஜப்பானிய அகராதியை வைத்துத் தானே மொழி கற்று, ஜப்பானியக் காவல் துறையில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். பதின்பருவத்துப் பிள்ளைக்கு மொழி எவ்வளவு வேகத்தில் ஏறும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சான்று தெரியாது. எஸ்.ஆர். நாதன் என்ற பெயரில் 1999 முதல் 2011 வரை சிங்கப்பூரின் குடியரசுத் தலைவராக இருந்தவர் அவரேதான்.

போர் முடிந்ததும் அந்தப் பாடப் புத்தகங்களை அடுப்பில் போட்டார்கள் என்று பெரியப்பா சொல்வார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே சிங்கப்பூரில் 1978இல் கல்வி அமைச்சு வெளிநாட்டு மொழி மையம் ஒன்றைத் திறந்து, நன்றாகப் படிக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஜப்பானிய மொழியை விருப்பப் பாடமாக வைத்தது. மலேசியாவில் மகாதீர் 1982இல் 'கிழக்கை நோக்கும்' கொள்கையை அறிவித்தார். 1984 முதல் அங்கே விடுதிப் பள்ளிகளில் ஜப்பானியம் வந்தது. குனிய வைத்துச் சொல்லிக்கொடுத்த மொழியை நாற்பது வருஷத்துக்குள் அந்த நாடுகள் வேண்டிக் கேட்டு வாங்கிக்கொண்டன. கசப்பைக் கசப்பாகவே வைத்துவிட்டு மொழியை எடுத்துக்கொண்ட அந்தச் சாமர்த்தியத்தை நான் மெச்சுகிறேன்.

நம் பக்கம் மொழி வந்தது தொழிற்சாலை வழியாக. ஹோசுமி கோய்ச்சி என்பவர் 1959இல் தொடங்கிய ஏஓடிஎஸ் என்ற அமைப்பு, ஆசிய நாட்டுத் தொழில்நுட்பர்களை ஜப்பானுக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்தது. அங்கே போய் வந்த தமிழர்கள் சென்னையில் ஒரு பழைய மாணவர் சங்கம் வைத்து, ஜப்பானிய வகுப்புகளை நடத்தினார்கள். இந்த மாநிலத்தில் ஜப்பானியம் படித்தவர்களில் பெரும்பகுதியினர் அந்த ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் வகுப்புகளில் உட்கார்ந்தவர்களாகவே இருப்பார்கள். 2010இல் ஒரகடத்தில் நிசான் வந்தது, சுற்றிலும் உதிரிபாகக் கம்பெனிகள் வந்தன. எங்கள் பக்கத்துப் பையன்களும் அங்கே வேலையில் இருக்கிறார்கள். பொங்கலுக்கு ஊர் வந்தால் கைசன், கன்பன், போகா யோகே என்று தொழிற்சாலைச் சொற்களைப் பேசுகிறார்கள். அதற்கு மேல் ஒரு வாக்கியம் கேட்டால் சிரிக்கிறார்கள்.

எதிர்த் திசையில் நடந்தவர் ஒருவர். வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து கல்வெட்டுப் படித்தார். கல்வெட்டறிஞர் சுப்பராயலுவோடு சேர்ந்து சோழர் கல்வெட்டுகளின் ஆட்பெயர்களைத் தொகுத்து 1978இல் வெளியிட்டார். பிறகு விஜயநகர காலத்து நாயக்கர்கள் பக்கம் திரும்பினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட நிலம் வடார்க்காடும் தென்னார்க்காடும், அதாவது எங்கள் கோயில் சுவர்கள். எந்த நாயக்கருக்கு எந்தச் சீமை, யாருக்கு வரி போனது என்று பட்டியல் போட்டார். செஞ்சியின் ராஜகிரிக்கு மேலே ஏறிப் படம் பிடித்துவிட்டு இறங்கும் நமக்கு, கீழே வரி கட்டியவன் கதையை ஒரு ஜப்பானியர் சொல்ல வேண்டியிருந்தது. 2013இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2015இல் காலமானார்.

ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோவைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் விட்டால் வாசகர்கள் கடிதம் போடுவார்கள். தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று அவர் 1980 முதல் எழுதினார், பொங்கலையும் ஜப்பானியப் பண்டிகையோடு ஒப்பிட்டார். மொழியியலார் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நம் மேடைகளில் அது இன்னும் ஓடுகிறது. பெருமைப்படுவதற்கு ஓர் எழுத்துகூடப் படிக்கத் தேவையில்லை அல்லவா?

உறவு இருக்கட்டும், சௌகரியம் உண்மையாகவே இருக்கிறது. 'நான் நேற்று செஞ்சிக்குப் போனேன்' என்பதைச் சொல்லுக்குச் சொல் வைத்தால் ஜப்பானியம் ஆகிவிடும்: 'வதாஷி-வா கினோ செஞ்சி-நி இகிமாஷிதா'. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால், வினை கடைசியில். பேச்சும் இலக்கணமும் நம் பிள்ளைக்குச் சுலபம். மலை ஏற்றம் கான்ஜி என்ற சீன எழுத்துகளில்தான். 'மலை' என்ற எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் உயரமாக ஒன்று, இரு பக்கமும் குட்டையாக இரண்டு, அடியில் ஒரு படுக்கைக் கோடு. செஞ்சியின் மூன்று மலைகளைச் சாலையிலிருந்து பார்ப்பவனுக்கு அது ஒரு தரம் போட்டால் மறக்காது. தனியாக நின்றால் 'யாமா', ஃபுஜியோடு சேர்ந்தால் 'சான்' என்று படிக்க வேண்டும். இப்படிப் பல எழுத்துகளுக்கு இரண்டு மூன்று வாசிப்புகள். அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பானிய அரசு 2010இல் திருத்திய பட்டியலில் 2,136 எழுத்துகள். ஜப்பானியப் பிள்ளையே ஆறாம் வகுப்பு முடிக்கும்போது 1,026தான் தாண்டியிருக்கும்.

இருபத்தைந்து வயதில், ஷிப்டு முடித்து மாலை வகுப்புக்குப் போகிறவனால் இதைத் தூக்க முடியாது. முதல் படி, இரண்டாம் படியோடு நின்றுவிடுவான். பதினைந்து வயதில் முடியும். அமெரிக்காவில் 2007 முதல் பள்ளி மாணவர்களுக்கு ஜப்பானிய மொழியும் பண்பாடும் என்று கல்லூரித் தரத்தில் ஓர் ஏபி தேர்வு நடத்துகிறார்கள். முழுதும் கணினியில் எழுதுவது, 410 கான்ஜி. அங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை அதை எழுதலாம். தமிழுக்கு அப்படி ஒரு ஏபி தேர்வு கிடையாது, அது வேறு வருத்தம். இங்கே சிபிஎஸ்இ 2006இல் ஜப்பானியத்துக்கு இடம் கொடுத்தது. நம் மாநில மேல்நிலைத் தேர்வில் பிரெஞ்சும் ஜெர்மனும் அரபியும் மொழிப் பாடமாக எத்தனையோ வருஷமாக இருக்கின்றன. ஜப்பானியம் அந்த வரிசைக்கு வரவில்லை. பிரெஞ்சு எடுத்து மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் பிரெஞ்சில் ஒரு கதை படித்தார்கள் என்று கேட்க எனக்கு ஆசை. வாய் திறந்தால் வம்பு வரும்.

அரசு பட்டியலில் சேர்க்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்று பதினொன்றாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 1984 முதல் நடக்கிறது. 2010 முதல் ஐந்து படிகள், கீழே என்5, உச்சியில் என்1. எழுத வயது வரம்பு கிடையாது, பள்ளிச் சான்றும் வேண்டாம். ஜூலை முதல் ஞாயிறும் டிசம்பர் முதல் ஞாயிறும் தேர்வு நாள். சென்னையில் மையம் இருக்கிறது. விண்ணப்பம் சில மாதம் முன்னதாகவே திறந்து சீக்கிரம் மூடிவிடும், பார்த்துக்கொண்டே இருங்கள்.