யார் அறிந்த ஒப்புதல்?

'தகவலறிந்த ஒப்புதல்' என்னும் தொடரில் 'அறிந்த' என்ற பெயரெச்சத்தின் எழுவாய் வெளிப்படையாக இல்லை. அறிந்தவர் யார், ஒப்பியவர் யார் என்பதைத் தொடர் சொல்வதில்லை. இந்திய மருத்துவ வரலாற்றில் இந்த ஒப்புதல் பட்ட பாடும் ஏறத்தாழ அதுவே.

ஒப்புதல் என்னும் கருத்து இங்குப் புதிதன்று. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 88ஆம் பிரிவு, நோயாளியின் நலன் கருதி அவர் இசைவோடு நல்லெண்ணத்துடன் செய்யப்படும் அறுவைக்குப் பாதுகாப்பளித்தது. அச்சத்தால் தந்த இசைவு இசைவாகாது என்றது 90ஆம் பிரிவு. ஆயினும் அச்சட்டத்தின் அக்கறை, மருத்துவர் குற்றவாளியா இல்லையா என்பதே. நோயாளிக்கு எவ்வளவு சொல்ல வேண்டும் என்ற வினா அமெரிக்காவில் கூர்மையடைந்தது. பெருநாடிச் சோதனைக்குப் பின் கால்கள் செயலிழந்த ஒருவர் தொடுத்த வழக்கில், 1957இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 'இன்ஃபார்ம்டு கன்சென்ட்' என்ற சொல்லாட்சியைப் பயன்படுத்தியது.

இந்திய உச்ச நீதிமன்றம் இவ்வினாவை விரிவாக ஆராய்ந்தது 2008 ஜனவரி 16ஆம் நாள் தீர்ப்பில். 1995 மே மாதம், நீடித்த உதிரப்போக்குக்காக மருத்துவரை நாடிய 44 வயதுப் பெண், லேப்ராஸ்கோப்பி சோதனைக்குக் கையொப்பமிட்டார். அவர் மயக்கத்தில் இருக்கையில், வெளியே இருந்த தாயிடம் இசைவு பெற்றுக் கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. உயிருக்கு உடனடி ஆபத்து எதுவும் இல்லை. மகள் கண்விழிக்கும்வரை காத்திருந்திருக்கலாம். தன்னறிவுள்ள வயதுவந்தவருக்காகத் தாயும் இசைய இயலாது, சோதனைக்குத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்குச் செல்லாது என்றது நீதிமன்றம். இழப்பீடு 25,000 ரூபாய்.

அதிகம் பேசப்படாத பகுதி இதற்கு அடுத்தது. நோயாளி எதை அறிய விரும்புவார் என்று கேட்கும் அமெரிக்க அளவுகோலை நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் எழுதிய அத்தீர்ப்பு ஏற்கவில்லை. மருத்துவர்கள் வழக்கமாக எவ்வளவு சொல்வார்களோ அவ்வளவு போதும் என்னும் பிரித்தானிய அளவுகோலைத் தழுவியது. நாட்டின் வறுமை, மருத்துவர் பற்றாக்குறை, நோயாளிகள் மருத்துவர்மீது வைக்கும் நம்பிக்கை ஆகியவை காரணங்களாயின. நடைமுறை நெருக்கடி மெய்தான். ஆனால் ஒருவர் ஏழை என்பது அவரிடம் குறைவாகச் சொல்வதற்கு எவ்வாறு நியாயமாகும்? பிரித்தானிய உச்ச நீதிமன்றமே 2015இல் அந்த அளவுகோலைக் கைவிட்டது.

தாயின் இசைவைச் செல்லாதென்ற தீர்ப்பு வந்த மறு ஆண்டு, அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில் சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி செலுத்தும் ஆய்வுத் திட்டம் தொடங்கியது. சிறார் என்பதால் பெற்றோரின் ஒப்புதல் தேவை. பழங்குடி விடுதிகளில் தங்கிப் படித்தவர் பலர், பெற்றோர் தொலைவில். 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு அளித்த அறிக்கையின்படி, அம்மாநிலத்தில் ஆராயப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 1,948இல் இருந்தவை கைநாட்டுகள். 2,763 படிவங்களில் கையொப்பமிட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள்.